அமரஜீவி பொட்டி ஸ்ரீராமுலு

ஸ்காத்லாந்து இங்கிலாந்துடன் இணைந்தது 1707-இல். இரு நாட்டுப் பாராளுமன்றங்களும் ஒப்பந்தம் எழுதி ஏற்ற இணைப்பு அது. முந்நூறு ஆண்டுகள் கழித்துப் பிரிவதா என்ற கேள்வி எழுந்தபோது, 2014-இல் மக்களிடமே வாக்குக் கேட்டனர். நூற்றுக்கு 55 பேர் சேர்ந்திருக்கவே விரும்பினர். சென்னை மாகாணத்தில் தெலுங்கரும் தமிழரும் சேர்ந்த கதை வேறு. வெள்ளையர் தாம் பிடித்த நிலங்களை ஒரே ஆட்சிக்குள் அடக்கினர், குடிகளைக் கேட்கவில்லை. பிரிந்தபோதும் வாக்குப்பெட்டி வைக்கப்படவில்லை. ஒருவர் உயிர் நீத்த பிறகே வழி பிறந்தது.

அவர்தாம் பொட்டி ஸ்ரீராமுலு. தெலுங்கு மக்கள் அமரஜீவி என்று போற்றும் இவர் பிறந்தது சென்னையில், 1901 மார்ச் 16-ஆம் நாள். குடும்பம் நெல்லூர்ப் பக்கத்தைச் சேர்ந்தது. பம்பாயில் சுகாதாரப் பொறியியல் பயின்று ரயில்வேயில் வேலை பார்த்தார். மனைவியும் பச்சிளங்குழந்தையும் மாண்டனர். நல்ல வேலையைத் துறந்து காந்தியடிகளின் சபர்மதி ஆசிரமம் புகுந்தார். உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றார். தீண்டாமை ஒழிப்பு வாசகங்கள் எழுதிய அட்டைகளை மாட்டிக்கொண்டு, செருப்பும் குடையுமின்றி நெல்லூர் வெயிலில் நடந்தார். பைத்தியம் என்று நகைத்தவரும் உண்டு. 1946-இல் அவர் உண்ணாநோன்பு இருந்தபின், நெல்லூர் வேணுகோபால சுவாமி கோயிலின் கதவு தாழ்த்தப்பட்டோருக்குத் திறந்தது.

ஆந்திரர் தனி மாகாணம் வேண்டும் என்று மாநாடு கூட்டியது 1913-இல், பாபட்லாவில். விடுதலைக்குப் பின்னும் கோரிக்கை இழுபட்டது. ஆந்திரத் தலைவர்கள் சென்னை நகரையும் கேட்டனர், தமிழர் விடுவதாயில்லை. 1952 அக்டோபர் 19-ஆம் நாள், மயிலாப்பூரில் புலுசு சாம்பமூர்த்தியின் இல்லத்தில் ஸ்ரீராமுலு நோன்பைத் தொடங்கினார்.

பட்டினி கிடக்கும் உடல் முதலில் ஈரலிலுள்ள சர்க்கரைச் சேமிப்பைச் செலவிடுகிறது. அது ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். பிறகு கொழுப்பு கரையும். இறுதியில் தசையே எரிபொருளாகும். தன்னையே தின்று தீரும் இந்த நிலையில், 58-ஆம் நாளாகிய டிசம்பர் 15 இரவு அவர் உயிர் பிரிந்தது. தெலுங்கு நாடு கொந்தளித்தது. நெல்லூர், அனகாபள்ளி முதலிய இடங்களில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. நான்கே நாளில், டிசம்பர் 19 அன்று, பிரதமர் நேரு ஆந்திர மாநிலம் அமையும் என அறிவித்தார். 1953 அக்டோபர் 1-இல், கர்நூலைத் தலைநகராகக் கொண்டு அது உதயமாயிற்று. சென்னை தமிழரிடமே நின்றது.

ஸ்காத்லாந்தில் தனி நாடு கேட்டோருக்கும் இவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பாரதத்தை விட்டு விலக இவர் கேட்கவில்லை. ஒரே வளவுக்குள் தனிக்குடித்தனம் கேட்டார். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் பல அமைய இவருடைய தியாகமே பாதை வகுத்தது. நாம் இன்று தமிழ்நாடு என்று பெருமையுடன் கூறும் மாநிலத்தின் எல்லைக்கும் அவர் பட்டினிக்கும் தொடர்பு உண்டு.

ஆயினும் மொழி கோடு போட்டாற்போல வாழ்வதில்லை. சித்தூர் மாவட்டம் முழுதும் ஆந்திரத்துக்குச் சென்றபோது தமிழர் பலர் கோட்டுக்கு அப்பால் நின்றனர். ம.பொ.சி. முதலியோர் போராடினர். படாஸ்கர் பரிந்துரையின் பயனாக, 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி நம்மிடம் வந்தது. மூவர் பாடிய காளத்தி வரவில்லை. பிழைப்புத் தேடிக் காளஹஸ்தியில் குடியேறிய எம் போன்ற தமிழர் இந்த வரலாற்றைக் கசப்போடு படிப்பது எளிது. கசப்பு பயன் தராது.

தன் மொழியில் ஆளப்படுவது ஒரு மக்களின் உரிமை என்பதே ஸ்ரீராமுலு உயிர் கொடுத்து நிறுவிய கொள்கை. அந்த உரிமை பெரும்பான்மையோருக்கு மட்டும் என்றால் அது கொள்கையாகாது. காளத்தியில் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழும், சென்னையில் தெலுங்குப் பிள்ளைக்குத் தெலுங்கும் தடையின்றிக் கிடைக்கட்டும். அவருக்கு இரு மொழியினரும் சேர்ந்து எழுப்பக்கூடிய நினைவுச்சின்னம் அதுவே.