மெட்கர் எவர்ஸ்

தமக்காக வாழ்பவர் பலர். பிறருக்காக வாழ்பவர் சிலர். பிறருக்காக உயிரையும் ஈந்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் அமெரிக்க நாட்டின் மெட்கர் எவர்ஸ்.

இவர் 1925-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 2-ஆம் நாள் மிசிசிப்பி மாநிலத்தில் டெக்கேட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். கறுப்பினக் குழந்தைகளுக்கு அன்று தனிப் பள்ளி. எவர்ஸ் நெடுந்தூரம் நடந்தே கல்வி கற்றார். அவருடைய தந்தையின் நண்பர் ஒருவரை வெள்ளையர் கூட்டம் அடித்துக் கொன்றது. இரத்தம் தோய்ந்த அவருடைய உடைகள் வயலில் பல மாதங்கள் கிடந்தன. அக்காட்சி சிறுவனின் மனத்தை விட்டு அகலவே இல்லை.

இரண்டாம் உலகப் போரில் நாட்டுக்காகப் படையில் பணியாற்றித் திரும்பிய எவர்ஸ், 1946-இல் வாக்களிக்கச் சென்றார். ஆயுதம் தாங்கிய வெள்ளையர் அவரைத் தடுத்துத் திருப்பி அனுப்பினர். பிற நாடுகளின் விடுதலைக்காகப் போராடிய வீரருக்குச் சொந்த ஊரில் வாக்குரிமை இல்லை! அன்றே தம் வாழ்வின் பணி எதுவென்று அவர் தெளிந்தார்.

1954-இல் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்திற்கு மிசிசிப்பியின் முதல் களச் செயலாளர் ஆனார். மறு ஆண்டு எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுச் சிறுவன் கொல்லப்பட்டான். நம்மை ஒத்த வயதுடைய அச்சிறுவனுக்கு நீதி கிடைக்க, எவர்ஸ் பருத்திக் காட்டுக் கூலியாள் போல உடுத்திச் சென்று சாட்சிகளைத் தேடினார். ஆயினும் வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு குற்றவாளிகளை விடுவித்தது.

எவர்ஸுக்கும் மிரட்டல்கள் பெருகின. வெடிச் சத்தம் கேட்டால் தரையில் படுத்துக்கொள்ளும்படி தம் மூன்று குழந்தைகளுக்கும் அவர் பழக்கியிருந்தார். 1963 ஜூன் 12, நள்ளிரவு கடந்த நேரம். வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கியவரின் முதுகில் மறைந்திருந்தவனின் குண்டு பாய்ந்தது. தந்தைக்காக விழித்திருந்த குழந்தைகள் பழகியபடியே தரையில் படுத்தனர். பின்பு வாசலுக்கு ஓடினர். முப்பத்தேழு வயதில் அவ்வீரரின் உயிர் பிரிந்தது. ஆர்லிங்டனில் படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் முழு இராணுவ மரியாதையுடன் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

கொலையாளி பைரன் டி லா பெக்வித் 1964-இல் இருமுறை விசாரிக்கப்பட்டான். இருமுறையும் வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அவன் வெளியே நடமாடினான். ஆனால் எவர்ஸின் மனைவி மெர்லி சோர்ந்துவிடவில்லை. பழைய வழக்கின் பதிவேடுகளைப் பல்லாண்டுகள் பாதுகாத்து வைத்திருந்தார். 1987-இல் வெளிவந்த ‘ஐஸ் ஆன் தி பிரைஸ்’ என்னும் ஆவணப்படத் தொடர் அக்காலத்துக் கொடுமைகளைப் புதிய தலைமுறைக்குக் காட்டியது. வழக்கும் மீண்டும் உயிர் பெற்றது. 1994-இல், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்திருந்த நடுவர் குழு பெக்வித்தைக் குற்றவாளி எனக் கண்டது. ஆயுள் தண்டனை பெற்ற அவன் 2001-இல் இறந்தான்.

முப்பது ஆண்டுகள் காத்திருந்த பின்னரே அந்தக் குடும்பத்திற்கு நீதி கிடைத்தது. அநீதியைக் கண்டு வாய் மூடி இருப்பதும் அநீதிக்குத் துணை போவதேயாகும். அன்புத் தோழியரே, நிறத்தாலும் பிறப்பாலும் எவரையும் தாழ்த்தாத உள்ளத்தை நாம் பெறுவோமாக! பிறர் தாழ்த்தப்படும்போது எழுந்து நிற்கும் துணிவையும் பெறுவோமாக!