ஒலிக்கு விதி கண்ட ஜேக்கப் கிரிம்

கிரிம் சகோதரர்களின் கதைகளைக் கேளாத குழந்தைகள் உலகில் குறைவு. ஆனால் அவர்களுள் மூத்தவரான ஜேக்கப் கிரிம், ஒலி மாற்றங்களுக்கு விதி கண்ட மொழியறிஞர் என்பதைப் பலர் அறியார். அறிவியல் பயிலும் என்னை அவ்விதியும் அவர் வாழ்வும் ஒருங்கே கவர்ந்தன.

ஜெர்மனியின் ஹனாவ் நகரில் 1785 ஜனவரி 4-ஆம் நாள் ஜேக்கப் பிறந்தார். பதினொன்றாம் வயதில் தந்தையை இழந்தார். ஆறு பிள்ளைகளுடன் தாய் தவித்தார். 1802-இல் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலச் சேர்ந்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த உதவித்தொகை இக்கைம்பெண்ணின் மகனுக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் கல்வியில் அவர் தளரவில்லை. பேராசிரியர் சாவினியின் நூலகம் பழைய இலக்கியங்களின்பால் அவர் உள்ளத்தைத் திருப்பிற்று. 1812-இல் தம்பி வில்ஹெல்முடன் நாட்டுப்புறக் கதைகளை வெளியிட்டார்.

1819-இல் அவருடைய ஜெர்மானிய இலக்கணம் வெளிவந்தது. டென்மார்க் அறிஞர் ராஸ்க் 1818-இல் வெளியிட்ட நூலைக் கற்றதும், தம் நூலையே திருத்தி எழுதி 1822-இல் மீண்டும் வெளியிட்டார். அதில்தான் அவ்விதி உள்ளது. 'பிதா' என்னும் வடசொல்லை நாம் அறிவோம். அதன் உறவுச்சொல் இலத்தீனில் 'பாத்தர்', ஆங்கிலத்திலோ 'ஃபாதர்'. கொம்பு இலத்தீனில் 'கோர்னு', ஆங்கிலத்தில் 'ஹார்ன்'. பகரம் ஃபகரமாகவும், ககரம் ஹகரமாகவும் ஜெர்மானிய மொழிகளில் ஒழுங்குடன் மாறின. திரிசூலத்தின் 'திரி'யும் ஆங்கிலத்தின் 'த்ரீ'யும் உறவினவே. அங்கே தகரம் பல்லிடை மூச்சொலியாயிற்று.

1837-இல் ஹானோவர் மன்னர் அரசியல் சட்டத்தை நீக்கினார். அச்சட்டத்தின்மீது உறுதிமொழி எடுத்திருந்த கோட்டிங்கன் பேராசிரியர் எழுவர் மறுப்புத் தெரிவித்துப் பதவி இழந்தனர். சகோதரர் இருவரும் அவர்களுள் அடங்குவர். ஜேக்கப் மூன்றே நாளில் நாட்டைவிட்டு வெளியேறப் பணிக்கப்பட்டார். ஊதியம் போயிற்று; சொன்ன சொல் நின்றது!

பின்னர் இருவரும் பெரிய ஜெர்மன் அகராதியைத் தொடங்கினர். 1863 செப்டம்பர் 20-இல் ஜேக்கப் மறைந்தபோது அது முடியவில்லை. பல தலைமுறையினர் உழைத்து 1961-இல் முடித்தனர்.

அவர் விதிக்கு விலக்குகளும் இருந்தன. சகோதரனைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல்லில் தகரம் விதிப்படி மாறியது. தந்தையைக் குறிக்கும் சொல்லிலோ வேறாக மாறியது. பண்டு சொல்லின் எவ்வசையில் அழுத்தம் விழுந்தது என்பதே காரணம் என்று கார்ல் வெர்னர் 1877-இல் விளக்கினார். விலக்கு விதியை வீழ்த்தவில்லை. மற்றொரு விதிக்கு வழிகாட்டிற்று.

ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராத முடிவு வரும்போது அதைக் குறிப்பேட்டிலிருந்து அழித்துவிடத் தோன்றும். அழிக்காமல் ஏன் என்று வினவுவதே அறிவியல். உண்மையை ஆய்விலும் வாழ்விலும் ஒன்றுபோல் போற்றிய ஜேக்கப் கிரிம் நமக்கு நல்லதொரு வழிகாட்டியன்றோ!