உதிர்ந்த மலர்களைத் தேடியவர்

உம்பர்ட்டோ எக்கோ 1980இல் படைத்த ‘ரோஜாவின் பெயர்’ என்னும் துப்பறியும் நாவலில், இடைக்கால மடமொன்று அரிய ஏட்டை மறைத்து, முடிவில் அதனோடு எரிந்தழிகிறது. தமிழ் மண்ணில் ஏடு தேடிய துப்பறிவாளர் டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

1855இல் பிறந்து, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, 1880இல் குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியரானார். பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முனைந்தபோது, குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் சில பெயர்கள் ஏடுகளில் உதிர்ந்திருந்தன. அவர் ஊகித்து நிரப்பினாரல்லர். தருமபுர மடத்து ஏட்டுக் குவியலில் தேடிக் கண்டெடுத்தார். 1889இல் நூல் முழுமையுற்று வெளிவந்தது. நாவலின் மடம் மறைத்து அழித்தது; நம் மடமோ காத்து வழங்கியது.

1942இல் ஐயர் மறைந்தார். ஒரு மலர் உதிரினும் மாலை குறைவுபடும் என்பதை ஸ்ரீவில்லிபுத்தூர் நன்கறியும்.