எண்ணித் துணிந்த அறிஞர்

எண்ணுதல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கணக்கிடுதல் ஒன்று, ஆராய்ந்து பார்த்தல் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருங்கே கைக்கொண்டு நாட்டுக்கு நலம் செய்தவர் வங்கம் ஈன்ற பேரறிஞர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். மாணவர்கள் இன்று வகுப்பில் பயிலும் புள்ளியியல் என்னும் துறை இந்நாட்டில் வேரூன்றித் தழைக்கப் பாடுபட்டவர் அவரே.

அவர் 1893ஆம் ஆண்டு சூன் திங்கள் 29ஆம் நாள் கல்கத்தா நகரில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1912இல் பட்டம் பெற்றார். மேற்கல்வி பெற விழைந்து அடுத்த ஆண்டு இங்கிலாந்து சென்றார். இலண்டனில் பயில்வதே அவர் கருத்து. ஆயினும் கேம்பிரிட்சு நகரைக் காணச் சென்ற அன்று, திரும்பும் இரயில் வண்டியைத் தவறவிட்டார். அங்கிருந்த கிங்சு கல்லூரியின் எழில்மிகு கோயில் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. ஆகவே அக்கல்லூரியிலேயே சேர்ந்து பயின்றார்.

அந்நாளில் தமிழகம் தந்த கணித மேதை இராமானுசன் கேம்பிரிட்சில் வாழ்ந்து வந்தார். இருவரும் நண்பராயினர். கடுங்குளிரால் இராமானுசன் உறக்கமின்றி வருந்துவதை மகலனோபிஸ் ஒருநாள் அறிந்தார். படுக்கையின்மேல் கம்பளிகள் இறுக மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றினிடையே புகுந்து உறங்கும் முறையை இராமானுசன் அறிந்திருக்கவில்லை. அதனைக் காட்டிக்கொடுத்து மகலனோபிஸ் நண்பரின் துயர் தீர்த்தார்.

1915இல் படிப்பு முடிந்து தாயகம் திரும்பும் வேளையில், முதல் உலகப் போரின் காரணமாகக் கப்பல் புறப்படுவது தாமதமாயிற்று. காத்திருந்த நாள்களில் ஆசிரியர் ஒருவர் புள்ளியியல் இதழின் தொகுதிகளை அவருக்குக் காட்டினார். அவர் அவற்றை விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே கற்கத் தொடங்கினார். தவறிய வண்டியும் தாமதித்த கப்பலும் தற்செயலாய் நேர்ந்தவை. ஆனால் கிடைத்த நூலை விடாது கற்றது தற்செயலன்று. அஃது அவரது முயற்சி. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராக அமர்ந்த பின்னரும், ஓய்வு நேரமெல்லாம் இப்புதுக் கலையிலேயே ஈடுபட்டார்.

கற்ற கலைக்கு விரைவிலேயே சோதனை வந்தது. 1926இல் ஒரிசாவில் பிராமணி ஆறு பெருகி ஊர்களை அழித்தது. ஆற்றின் அடித்தளம் மேடிட்டதே காரணம் என்று பொறியியல் வல்லுநர் கருதினர். கரைகளை உயர்த்த வேண்டும் என்றனர். மகலனோபிஸ் ஏறத்தாழ 60 ஆண்டுகளின் மழையளவையும் நீரளவையும் திரட்டி ஆராய்ந்தார். அடித்தளம் உயரவில்லை என்பதும், ஆற்றின் தலைப்பகுதியில் பெய்த மிகுமழையே வெள்ளத்தை விளைத்தது என்பதும் புலனாயின. கரையை உயர்த்தினால் பொருள் செலவாகும்; மக்களின் துயரோ நீங்காது. ஆகவே மேற்பகுதியில் அணை கட்டி நீரைத் தேக்குவதே தக்கது என்று அவர் காட்டினார். நோயின் காரணத்தைத் தவறாக அறிந்தால் மருந்தும் தவறாகும் அன்றோ?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் முன்னோர். பானை முழுவதும் ஒருபடித்தாக வெந்திருந்தால் ஒரு சோறு போதும். நாடோ அத்தகையதன்று, ஒருபால் வளமும் ஒருபால் வறுமையும் விரவிக் கிடப்பது. சாலையோரத்துச் செழித்த வயல்களை மட்டும் பார்த்து வருபவன், நாடெங்கும் நல்விளைச்சல் என்று மயங்குவான். எனவே எந்த வயலைக் காண்பது என்பதை ஆய்வாளரின் விருப்பத்துக்கு விடலாகாது. எல்லா வயலுக்கும் இடம்பெறும் வாய்ப்பு அமையுமாறு குறிப்பின்றித் தெரிந்தெடுத்தல் வேண்டும். இதுவே மாதிரி ஆய்வின் உயிர்நிலை.

1937 முதல் வங்காளத்துச் சணல் விளைச்சலை இம்முறையால் மகலனோபிஸ் மதிப்பிட்டார். ஒவ்வொரு வயலையும் எண்ணுவதே சரியான முறை என்று பலர் வாதிட்டனர். எண்ணுவோர் பல்லாயிரவராயின் சோர்வும் கவனக்குறைவும் புகுந்து பிழை பெருகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். பயிற்சி பெற்ற சிலரைக் கொண்டு, ஒரே பகுதியை இரு குழுவினர் தனித்தனியே ஆராயச் செய்து, இரு முடிவுகளையும் ஒப்பிட்டுப் பிழையின் அளவை அறிந்தார். செலவு பெரிதும் குறைந்தது, முடிவும் நம்பத்தக்கதாயிற்று. 1943ஆம் ஆண்டின் கொடிய வங்கப் பஞ்சத்துக்குப் பின், நிலத்தை விற்று வறியரான குடும்பங்களின் நிலையையும் இம்முறையாலேயே ஆராய்ந்தார். எண்கள் அங்கு வெறும் எண்களல்ல. ஒவ்வோர் எண்ணின் பின்னும் ஒரு குடும்பத்தின் கண்ணீர் இருந்தது.

மாநிலக் கல்லூரியில் சிறு அறையொன்றில் தொடங்கிய பணி, 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனமாக மலர்ந்தது. 1933இல் சங்கியா என்னும் ஆய்விதழ் தோன்றியது. 1941இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் முதுகலை வகுப்பு தொடங்கியது. அதில் முதலில் பயின்றவருள் ஒருவரான சி. ஆர். ராவ் பின்னர் உலகம் போற்றும் அறிஞரானார். நாடு விடுதலை பெற்றபின், 1950இல் தேசிய மாதிரி ஆய்வு உருவாகவும், இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் வடிவம் பெறவும் மகலனோபிஸ் துணை நின்றார். 1968இல் அரசு பத்ம விபூசண் விருது வழங்கிச் சிறப்பித்தது.

1972ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள், தம் 79ஆம் பிறந்த நாளுக்கு முந்தைய நாளில், அவர் மறைந்தார். அவர் பிறந்த நாளை 2007 முதல் நாடு புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறது.

மாணவச் செல்வங்களே! வகுப்பில் சராசரியும் நிகழ்தகவும் பயிலுங்கால், இவை தேர்வுக்கு மட்டும் உரியவை என்று கருதற்க. பெருங்குரலில் உரைக்கப்படுவதெல்லாம் உண்மையாகிவிடாது. பலர் நம்புவதனால் பொய் மெய்யாகாது. கண்டதை நேர்மையாக எண்ணி, எண்ணியதை அமைதியாக ஆராய்ந்து, அதன்பின் துணிவதே அறிவுடையோர் செயல். மகலனோபிஸின் வாழ்வு நமக்கு உணர்த்தும் நெறி அதுவே.