இந்திய உடற்கல்வியின் தந்தை ஹாரி குரோ பக்

உடல்நலம் பேணுதலை வாழ்வியலின் ஒரு கூறாகவே கண்டது தமிழ் மரபு. வள்ளுவப் பெருந்தகை மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்தமையும், திருமூலர் உடலோம்பும் நெறியை விரித்துரைத்தமையும் நாம் அறிந்தனவே. எனினும், உடலைப் பயிற்றுவதும் ஒரு கல்வியே; அதற்கும் முறையாகப் பயின்ற ஆசிரியர் வேண்டும் என்னும் எண்ணம் நம் நாட்டில் நிலைபெற்றது இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்கு வித்திட்டோருள் முதன்மையானவர் ஹாரி குரோ பக் ஆவார்.

1884ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்த பக், ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. இயக்கம் நடத்திய பயிற்சிக் கல்லூரியில் பயின்றார். 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியது அக்கல்லூரியில்தான் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. உடல், உள்ளம், ஆன்மா ஆகிய மூன்றும் ஒருங்கே வளர்தல் வேண்டும் என்பது அங்குப் போற்றப்பட்ட கொள்கை. அக்கொள்கையை நெஞ்சில் ஏந்தியவராய் அவர் சென்னை வந்து சேர்ந்தார்.

1920இல் ஒருசில மாணவரோடு அவர் தொடங்கிய உடற்கல்விப் பள்ளியே, பின்னர் அடையாற்றங்கரையில் நந்தனத்தில் பரந்த திடல்களோடு விளங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1924இல் பாரிசு ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளராகவும் அவர் விளங்கினார். ஆயினும், வெற்றி வீரர் சிலரை ஆக்குவதோடு அவர் மனம் நிறைவுறவில்லை. ஓர் ஆசிரியரைப் பயிற்றுவித்தால் அவர் வழி ஆயிரம் மாணவர் நலம் பெறுவர் என்பதே அவர்தம் பணியின் உட்கிடை எனலாம். அங்குப் பயின்றோர் நாடெங்கும் பள்ளி கல்லூரிகளில் உடற்கல்வி ஆசிரியராய் அமர்ந்தனர். 1943இல் பக் மறைந்தார்.

அவர் வாழ்ந்து காட்டிய உண்மைக்கு அறிவியற் சான்றுகள் பின்னரே பெருகின. 1953இல் இலண்டன் மாநகரப் பேருந்துப் பணியாளரை ஆராய்ந்த ஜெரி மோரிஸ், நாள்முழுதும் அமர்ந்தே பணியாற்றும் ஓட்டுநரைவிட, மாடிப் பேருந்தில் ஏறி இறங்கும் நடத்துநர்க்கு இதயநோய் குறைவு எனக் கண்டார். நீரிழிவின் வாயிலில் நின்ற இந்தியரிடையே சென்னை மருத்துவர்கள் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு, நடைப்பயிற்சியும் உணவு ஒழுங்கும் நீரிழிவு தோன்றுவதை 28.5 விழுக்காடு குறைத்தமையைக் காட்டியது.

பயிற்சி நன்றெனினும் முறையற்ற பயிற்சி தீங்கு தரும். நார்வே நாட்டுக் கால்பந்தாட்டச் சிறுமியரிடையே நிகழ்ந்து 2008இல் வெளியான ஆய்வில், ஆட்டத்திற்குமுன் உடலைச் சூடேற்றித் தசைவலிமைக்கும் சமநிலைக்கும் பயிற்சி செய்தோர்க்குக் கடுங்காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. நாம் இளமையில் சடுகுடு ஆடியபோது இதனைச் சொல்லித்தர ஒருவருமில்லை. வந்தவுடன் கோட்டிற்குள் பாய்ந்தோம்; முழங்கால் பிசகி மாதக்கணக்கில் நொண்டினோம். பயின்ற ஆசிரியரின் அருமையை அன்று நம் முழங்கால் உணர்த்தியது.

நம் கிணத்துக்கடவுப் பகுதியில் நம் பாட்டன்மார் கவலை ஓட்டிக் கிணற்றுநீர் இறைத்தனர். காட்டுக்கும் சந்தைக்கும் நடந்தே சென்றனர். உழைப்பே அவர்க்கு உடற்பயிற்சியாயிற்று. இன்று நீரை மோட்டார் இறைக்கிறது. வாசலிலிருந்தே வண்டி புறப்படுகிறது. வேலை எளிதானது நன்றே. ஆனால், உடல் இழந்த உழைப்பை நாம் ஈடுசெய்யவில்லை. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுற்றுள்ளனர் என 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு கூறுகிறது.

வளர்ந்தோர் வாரத்திற்கு 150 நிமிடமேனும், சிறார் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் உடலை இயக்குதல் வேண்டும் என்பது உலக நல்வாழ்வு நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு நெறிமுறை. நாமோ, தேர்வு நெருங்கியதும் விளையாட்டுப் பாடவேளையைப் பிற பாடங்களுக்குப் பறித்துக்கொள்கிறோம். தமிழாசிரியராகிய நாமும் இப்பிழைக்கு விலக்கல்லோம். உடற்கல்வி ஆசிரியரிடம் வேளையைக் கேட்டுப் பெற்று இலக்கணம் நடத்திய நாள்கள் உண்டு. பக் பெருமகனாரின் வாழ்வை எண்ணுங்கால் அது கடன் என்றே தோன்றுகிறது. கடன் வாங்கிய அவ்வேளைகளை மாணவர்க்குத் திருப்பித் தருவோமாக. அதுவே அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.