அடையாற்றில் திறந்த கதவு

தாம்பரம், பல்லாவரம் பக்கமிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகும் நம் மக்கள், அதை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை (1886–1968) அறிவார்கள். நாம் முதலில் சொல்ல வேண்டியது, அதே அடையாற்றில் உள்ள அவ்வை இல்லத்தின் கதை.

பொட்டுக்கட்டுக்குத் தப்பிய மூன்று சிறுமிகள் 1930-இல் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். பிராமணர் விடுதி மறுத்தது. பிராமணரல்லாதார் விடுதியும்தான்! தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. அவருடைய தாய் சந்திரம்மாளும் தேவதாசி மரபில் வந்தவரே. 1927-இல் சென்னை சட்டசபைக்குள் நுழைந்ததுமுதல் பொட்டுக்கட்டை ஒழிக்கப் போராடினார். சட்டம் வர 1947 ஆயிற்று.

அதற்கும் 70 ஆண்டு கழித்து, திருவள்ளூர்ப் பகுதியில் நம் சிறுமிகளை மாதம்மாவுக்கு நேர்ந்துவிடுவது பற்றித் தமிழக அரசிடம் தேசிய மனித உரிமை ஆணையம் அறிக்கை கேட்டது.