ஊரெல்லாம் காப்பியடிச்ச பைக்... உருவாக்கியவர் ஊர் திரும்பவே இல்லை!

ஆர்எக்ஸ் 100 சத்தம் கேட்டாலே திரும்பிப் பார்க்கிற ஆளா நீங்க? அப்போ ஹெர்மன் வெபர் என்கிற பேரைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. யமஹாவின் முதல் பைக்குக்கு மூலமே இந்த ஜெர்மன் இன்ஜினீயரின் டிசைன்தான்.

1896-ல் பிறந்த வெபர், ஜெர்மனியின் ச்சோபாவ் நகரில் இருந்த டிகேடபிள்யூ கம்பெனியின் தலைமை வடிவமைப்பாளர். டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்தான் அந்தக் கம்பெனிக்குச் சோறு போட்டது.

அன்றைய டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்களில் பிஸ்டன் தலையில் ஒரு மேடு இருக்கும். உள்ளே வரும் பெட்ரோல்-காற்றுக் கலவை எரியாமலேயே புகையோடு வெளியே ஓடிவிடாமல் தடுக்கத்தான் அது. ஆனா, அதனால் பிஸ்டன் கனமாகும், சீக்கிரம் சூடாகும். கலவை நுழையும் துளைகளின் கோணத்தை மாற்றினால் மேடே தேவையில்லை என்று கண்டுபிடித்தார் ஷ்னூர்லே என்ற இன்ஜினீயர். அந்த உரிமையை டிகேடபிள்யூ வாங்கியது.

அந்த நுட்பத்தோடு வெபர் உருவாக்கிய பைக்தான், 1939-ல் அறிமுகமான ஆர்டி 125. 123 சிசி, மூணு கியர், எடை சுமார் 70 கிலோ. தினமும் வேலைக்குப் போய்வர இது போதும்!

அதே வருஷம் உலகப்போர் வந்தது. ஜெர்மனி தோற்றதும் ச்சோபாவ், சோவியத் கட்டுப்பாட்டுக்குள் போனது. ஃபேக்டரி இயந்திரங்களைக் கழற்றி எடுத்துப் போனார்கள். வெபரையும் கொண்டுபோனார்கள்.

தோற்ற நாட்டின் டிசைன், ஜெயித்தவர்களுக்கு இழப்பீடானது. 1946-ல் மாஸ்கோவில் எம்1ஏ வந்தது. அமெரிக்காவில் ஹார்லி-டேவிட்சனின் 125 வந்தது. 1948-ல் பிரிட்டனின் பிஎஸ்ஏ, கியர் லீவர் வலது பக்கம் வரணும் என்பதற்காக, இன்ஜினைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி அப்படியே இடம் வலமாகத் திருப்பிப்போட்டு 'பேன்டம்' ஆக்கியது. 1955-ல் யமஹாவின் ஒய்ஏ-1 வந்தது. ஜப்பானியர்கள் வைத்த செல்லப்பெயர், 'சிவப்புத் தும்பி'!

மேற்கு ஜெர்மனியிலும் ஆர்டி பிழைத்தது. இன்றைய ஆடியின் முன்னோடியான ஆட்டோ யூனியன், இங்கோல்ஸ்டாட்டில் புதிதாகத் தொடங்கி, 1949-ல் ஆர்டி 125 டபிள்யூ-வைக் கொண்டுவந்தது. டபிள்யூ என்றால் 'மேற்கு'. கார் வாங்க வழியில்லாத மக்களை, வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பைக்குகளில் இதுவும் ஒன்று.

வெபர் இதைப் பார்க்கவில்லை. 1948-லேயே சோவியத் மண்ணில் இறந்துபோனார். மாஸ்கோ முதல் ஜப்பான் வரை ஓடிய அத்தனை பைக்குகளின் டேங்க்கிலும் அந்தந்தக் கம்பெனி பேர் இருந்தது. வெபர் பேர் எதிலுமே இல்லை.